பத்தாவது முறை மிதிக்கும்போது

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றன. நீண்ட முகப்பு, குட்டையான பின்பகுதி, விருப்பப்பட்டால் 289 கன அங்குல வி8 எஞ்சின். 1965 மாடலில் அந்த எஞ்சினின் திறன் 200 குதிரைத்திறனில் தொடங்கி 271 வரை போனது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு ஓட்டிப்போன காரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருந்தது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்ட வேண்டும். வேகத்துக்குச் செலவழித்த பலர் நிற்பதற்குச் செலவழிக்கவில்லை.

அந்தக் கார்களுக்கு இன்று அறுபது வயது. அமெரிக்காவில் பழைய மஸ்டாங்கைப் புதுப்பிப்பவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, முன் டிரம்களைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டுவது. வேண்டிய உதிரி பாகங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் தொகுப்பாகவே கிடைக்கின்றன. ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று தோன்றும். மாட்டுவது எளிதுதான். மாட்டியதால் காரின் மற்ற பாகங்களில் என்னென்ன மாறுகின்றன என்று புரிந்துகொள்வதற்குத்தான் இயற்பியல் வேண்டும்.

"டிஸ்க் போட்டால் எவ்வளவு சீக்கிரம் நிற்கும்?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. முதல் முறை மிதிக்கும்போது பெரிதாக எதுவும் மாறாது என்பதே நேர்மையான பதில். சக்கரத்தை லாக் செய்யும் பலம் நல்ல நிலையிலுள்ள பழைய டிரம்முக்கும் உண்டு. அந்த எல்லையைத் தொட்ட பிறகு காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம் மட்டுமே. பிரேக் எவ்வளவு வலியதாக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. நிற்கும் தூரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் 1965இல் வந்த பயஸ் டயர்களைக் கழற்றி நல்ல ரேடியல் டயர் போடுவதே முதல் வேலை. டிஸ்க்கின் அருமை இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது முறை மிதிக்கும்போது தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயணிகளோடு சேர்த்துக் காரின் எடை 1,400 கிலோ, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 5,40,000 ஜூல். இந்த ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. பிரேக் அதை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். நான்கு நொடியில் காரை நிறுத்தினால், பிரேக் சராசரியாக 135 கிலோவாட் வேகத்தில் வேலை செய்திருக்கிறது. ஏறத்தாழ 180 குதிரைத்திறன். இது சராசரி. வேகம் முழுதாக இருக்கும் முதல் கணத்தில் இதன் இரு மடங்கு, அதாவது 360 குதிரைத்திறன். அந்தக் காரில் கிடைத்த மிகப் பெரிய எஞ்சினை விடவும் அதிகம். காரிலேயே மிக வலிமையான எந்திரம் முகப்புக்குக் கீழே இல்லை, சக்கரங்களுக்குள் இருக்கிறது.

இந்த வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு முன்சக்கரங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு முன் டிரம்மிலும் ஏழு கிலோ வார்ப்பிரும்பு இருப்பதாகக் கொண்டால், ஒரே ஒரு நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை சுமார் 60 டிகிரி செல்சியஸ் ஏறும். ஆறுவதற்குள் மீண்டும் மிதித்தால் இன்னொரு 60. மலைச்சாலையில் நிலைமை இன்னும் மோசம். அதே கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ பதின்மூன்று முறை நிறுத்துவதற்குச் சமம். கீழ் கியரில் போட்டு இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குபவரின் பிரேக்குக்கு அந்தத் துணையும் கிடையாது.

டிரம்முக்குள் இந்த வெப்பம் என்ன செய்கிறது? முதலாவது, டிரம் விரிகிறது. வி8 மஸ்டாங்கின் டிரம் 10 அங்குல விட்டம் கொண்டது. 300 டிகிரி சூடேறினால் அந்த விட்டம் 0.8 மில்லிமீட்டருக்கும் மேல் கூடும். ஷூக்கள் எனப்படும் வளைந்த கட்டைகள் உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக அழுத்துகின்றன. டிரம்மோ சூட்டில் அவற்றை விட்டு விலகிப்போகிறது. எட்டிப் பிடிக்க பெடல் இன்னும் கீழே போக வேண்டும். இரண்டாவது, ஷூக்களின் மேல் உராயும் பட்டையான லைனிங்கில் உள்ள பிசின் சூட்டில் வாயுவாகக் கசிந்து உராய்வைக் குறைக்கிறது. மூன்றாவது, சூடு ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரை எட்டி, பிரேக் ஆயிலையே கொதிக்கவைக்கலாம். மூன்றும் சேர்ந்தால் பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காது, அல்லது பெடலே தரை வரை போய்விடும்.

டிஸ்க்கில் இந்தத் தொல்லைகளில் முதலாவது அடியோடு இல்லை. சூடேறிய டிஸ்க் தடித்து, தன் இருபக்கமும் உள்ள பேடுகளை நோக்கி நகர்கிறது. உராயும் பரப்பு திறந்தவெளியில் சுழல்வதால் காற்று நேராக அதன்மேல் படுகிறது. நடுவில் காற்று ஓட இடைவெளி விட்டு வார்த்த டிஸ்க் என்றால், அது சுழலச் சுழல மையத்திலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் தள்ளித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். மழையில் நனைந்தாலும் தண்ணீரைச் சிதறடித்துவிடும். டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றும்.

அப்படியானால் அரை நூற்றாண்டுக் காலம் உலகம் ஏன் டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது? டிரம்மிடம் ஓர் அபாரமான குணம் இருந்தது. கதவுக்கு அடியில் செருகிய ஆப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தள்ளத் தள்ள அது இன்னும் இறுகும். சுழலும் டிரம், தன் சுழற்சியின் திசையில் உள்ள ஷூவை இழுத்துத் தன்மீதே இறுக்கிக்கொள்ளும். மஸ்டாங்கில் இருந்த பெண்டிக்ஸ் வகை டிரம்மில் இந்த உத்தி இரண்டு முறை வேலை செய்கிறது. இரு ஷூக்களும் கீழ்முனையில் எதிலும் பிணைக்கப்படாமல் ஒரு அட்ஜஸ்டரால் மட்டும் இணைந்திருக்கும். முன் ஷூ டிரம்மால் இழுக்கப்பட்டு, அந்த அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளும். பின் ஷூவும் இழுக்கப்பட்டு, மேலே உள்ள ஆங்கர் பின்னில் போய் முட்டும். வேலையில் பெரும்பங்கு பின் ஷூவுக்கே. அதன் லைனிங் நீளமாக இருப்பது இதனால்தான்.

ஷூவை எவ்வளவு விசையோடு தள்ளுகிறோமோ, அதைப் போல நான்கு, ஐந்து மடங்கு உராய்வு விசை இதில் கிடைக்கும். டிஸ்க்கில் அந்த விகிதம் முக்கால் மட்டுமே. கனமான அமெரிக்கக் காரை, பூஸ்டர் எதுவும் இல்லாமல், காலின் பலத்தாலேயே நிறுத்த முடிந்தது இந்தப் பெருக்கத்தால்தான். டிரம்மை வடிவமைத்தவர்களின் அறிவுக்கூர்மையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பெருக்கம் இரு திசையிலும் வேலை செய்யும். உராய்வு சற்றுக் குறைந்தாலும் பிரேக் விசை அதைவிடப் பல மடங்கு சரியும். இடது லைனிங்கில் கொஞ்சம் ஈரம், வலதில் இல்லை என்றால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கில் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் விசை கிடைக்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

டிஸ்க் பிரேக் ஒன்றும் புதிய எண்ணம் அல்ல. பர்மிங்காமில் கார் தயாரித்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். லைனிங்குக்கு அவர் பயன்படுத்திய செம்பு கிறீச்சிட்டது. புழுதிச் சாலைகளில் விரைவில் தேய்ந்தது. 1949இல் அமெரிக்காவின் குராஸ்லி நிறுவனம் சிறிய கார்களுக்கு டிஸ்க் பொருத்தியது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அவற்றை அரித்து இறுகச் செய்தது. குராஸ்லி ஹாட் ஷாட் வைத்திருந்த பலர், நாம் இப்போது பேசும் வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள்; டிஸ்க்கைக் கழற்றிவிட்டு டிரம் மாட்டினார்கள். பொருளறிவியல் தயாராகாமல் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இது சரியான சாட்சி.

பார்வையை மாற்றியது 1953ஆம் ஆண்டின் லெ மான் பந்தயம். டன்லப் டிஸ்க்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் காரை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டி வென்றார்கள். 24 மணி நேரமும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் முறை. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், டிரம் வைத்திருந்தவர்களைவிடத் தாமதமாக மிதிக்க ஜாகுவார் ஓட்டுநர்களால் முடிந்தது. விடியற்காலையிலும் அதே இடத்தில், அதே பலத்தோடு. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பந்தயத்துக்கு வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் இன்னும் டிரம்மையே நம்பியிருந்தது. அதன் சுமையைக் குறைக்க, ஓட்டுநருக்குப் பின்னால் காற்றைத் தடுத்து நிமிரும் ஒரு பெரிய தகட்டைப் பொருத்த வேண்டியிருந்தது. அதே 1955இல் சிட்ரோயன் டிஎஸ் குடும்பக் காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்துவிட்டது.

இனி மஸ்டாங்குக்கு வருவோம். பழைய காரில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே படிந்திருக்கும் சாம்பல்நிறத் தூளை ஏர் அடித்து ஊதுவது ஒர்க்‌ஷாப்புகளில் பழகிப்போன வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போன ஆஸ்பெஸ்டாஸ் இழை வெளியே வராது. அது புற்றுநோயாக மாறப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

டிரம் இருந்த இடத்தில் டிஸ்க் அப்படியே உட்காராது. ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் சக்கரத்தில் நான்கு போல்ட், வி8இல் ஐந்து. ஆகவே ஆறு சிலிண்டர் காரில் ஹப், ஸ்பிண்டில் வரை மாற்ற வேண்டிவரும். சில பழைய இரும்பு வீல்கள், பேடுகளைத் தாங்கும் காலிப்பரில் இடிக்கும். இவையெல்லாம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் விஷயங்கள். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தில் இருக்கிறது.

டிஸ்க்கிடம் ஆப்பின் பெருக்கம் இல்லை என்று பார்த்தோம். அந்தக் குறையை ஆயில் அழுத்தத்தால் ஈடுகட்ட வேண்டும். காலால் 30 கிலோ விசை கொடுக்கிறோம், பெடல் அதை ஆறு மடங்காக்குகிறது, அதை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போவது 180 கிலோ. சிலிண்டரின் விட்டம் ஒரு அங்குலமாக இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ அழுத்தம் கிடைக்கும். விட்டத்தை முக்காலே அரைக்கால் அங்குலமாகக் குறைத்தால் அதே காலுக்கு 46 கிலோ. இது பாஸ்கலின் விதி. அழுத்தம் கூடிய அதே விகிதத்தில் பெடல் நகர வேண்டிய தூரமும் கூடும். பெரிய காலிப்பர் பிஸ்டன்கள் அதிக ஆயில் கேட்கும். சிறிய மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதியில் குறைவாகவே தரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் சாரம். வேக்குவம் பூஸ்டர் வைத்தால் காலுக்குச் சுலபம். ஆனால் எஞ்சினில் பந்தய வகை கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், ஐடிலிங்கில் வேக்குவம் குறைந்து, பூஸ்டர் கைவிடும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாமா என்று பலர் யோசிப்பார்கள். கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், காலை எடுத்த பிறகும் லைனில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ஒரு வால்வு இருக்கும்; சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு. டிரம்மில் ஷூக்களை இழுக்கும் ஸ்பிரிங் அதைச் சமாளித்துவிடும், சீல்களும் விரிந்தபடி ஆயிலைக் காக்கும். டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் கிடையாது. அதே வால்வு இருந்தால் பேடுகள் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். எந்த வெப்பத்துக்குப் பயந்து டிஸ்க்குக்கு மாறினோமோ அதையே நாமே உண்டாக்குவோம். இரண்டாவது, பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்பும். டிரம் காலத்துச் சிறிய ஆயில் கிண்ணம் அதற்குப் போதாது.

மூன்றாவது காரணம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. 1965, 1966 மஸ்டாங்குகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதை. ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. 1967 மாடலில்தான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்க அரசு அதைச் சட்டமாக்கியது.

மாஸ்டர் சிலிண்டர் சரியானதும் வேலை முடிந்ததாக நினைக்கத் தோன்றும். பின்சக்கரங்களைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் அங்கே எதையும் தொடவில்லை. ஆனால் அங்கேயும் எல்லாம் மாறியிருக்கிறது. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 108 அங்குலமும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் எடைமையமும் உள்ள இந்தக் காரில், சுமார் 200 கிலோ பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறிவிடும். லேசாகிப்போன பின்சக்கரங்களில் இருப்பதோ அதே பழைய ஐந்து மடங்கு டிரம். முன்னால் பெருக்கம் இல்லாத டிஸ்க்குக்காக அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறோம். அந்தக் கூடுதல் அழுத்தம் பின் டிரம்முக்கும் போகிறது. விளைவு, பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகும். முன்சக்கரம் லாக் ஆனால் கார் திரும்பாது, நேராகச் சறுக்கும். பின்சக்கரம் லாக் ஆனால் வால் பக்கம் முன்னுக்கு வந்து கார் சுழலும். பழைய நான்கு டிரம் காரைவிட ஆபத்தான ஒரு காரை, நல்ல எண்ணத்தோடு, புதுப் பாகங்களைக் கொண்டே நாம் உருவாக்கிவிட முடியும்.

இதைத் தடுப்பது விகித வால்வு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் பின்பக்க அழுத்தம் ஏறும் வேகத்தை அது மட்டுப்படுத்தும். கையால் திருகி அளவு மாற்றக்கூடிய வால்வை வாங்குவது நல்லது, ஏனென்றால் டயர் மாறினால், எடை மாறினால் சரியான அளவும் மாறும். இதன் கூட்டாளியாக இன்னொரு வால்வும் பல கார்களில் உண்டு. பின் டிரம்மின் ஷூக்கள் ஸ்பிரிங்கை வென்று நகரும் வரை முன் டிஸ்க்கைச் சற்றுக் காத்திருக்க வைப்பது அதன் வேலை. பின்னால் டிரம்மை அப்படியே விடுவதில் தவறில்லை. அங்கே வரும் வெப்பம் குறைவு; ஹேண்ட் பிரேக்கின் கேபிள் டிரம்மில்தான் எளிமையாக, உறுதியாக வேலை செய்யும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றிலும் முன் டிஸ்க், பின் டிரம் என்பதே ஏற்பாடு.

மாட்டும்போது இடது, வலது காலிப்பர்களை மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும். அப்படிப் போட்டாலும் போல்ட் எல்லாம் சரியாக ஏறும். ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேதான் சேரும், ஆகவே எவ்வளவு நேரம் ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஆயிலும் புதியதாக இருக்கட்டும். டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140க்கு இறங்கலாம். டாட் 4இல் அவை 230, 155. பல மாதமாகத் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றுவது, செலவழித்த பணத்தைப் பாதி வீணாக்குவது. சிலிகான் வகையான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

சோதனையைச் சாலையில் தொடங்கக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத திறந்த மைதானத்தில், மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, புதிய பேடுகளை மிதமாக மிதித்து மிதித்து டிஸ்க்கோடு பழக்க வேண்டும். பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒருவர் வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பின்சக்கரம் என்றால் விகித வால்வைத் திருகிப் பின்பக்க அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஈரத் தரையிலும் இதைச் செய்யாமல் முடிக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் கையில் பணம் இல்லை, ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்பவர் இருந்தால், அவருக்கு என் பரிந்துரை டிஸ்க் அல்ல. டிரம்களுக்கு ஏற்ற இரட்டை மாஸ்டர் சிலிண்டரை முதலில் பொருத்துங்கள். அறுபது ஆண்டுப் பழைய ரப்பர் ஹோஸ்களை அன்றே மாற்றுங்கள். டிஸ்க்கை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.